பழைய ரேசரும் நம் கடை அலமாரியும்

"அண்ணே, இதுக்கு பிளேடு கிடைக்குமா?" என்று கேட்டபடி, காகிதத்தில் சுற்றிய பழைய ரேசர் ஒன்றைக் கல்லாமேசை மீது வைக்கும் வாடிக்கையாளரை நம் உறுப்பினர்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். விருத்தாசலம் ஜங்ஷன் ஊர். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள், மலேயா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் என்று பல குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இப்படிப்பட்ட சாமான் தங்கியிருக்கக்கூடும். கையில் எடுத்தால் கனம் தெரியும். பித்தளை உடம்பு, மேலே நிக்கல் பூச்சு. தலைப்பகுதி கீல் வைத்த மூடி போலத் திறக்கும். பிளேடின் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரியும்.

"இதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்று நாம் சொல்கிறோம். பின்னால் தொங்கும் அட்டையிலிருந்து பிளாஸ்டிக் ரேசர் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறோம். அவரும் வாங்கிக்கொண்டு போகிறார்.

அந்தப் பதிலில் நமக்கு உடன்பாடு இல்லை. பழம்பொருள் ஆசையால் இப்படிச் சொல்லவில்லை. கடையில் எந்தச் சரக்கை முன்னால் வைப்பது, எதை அடியில் தள்ளுவது என்பதைக் கம்பெனிக்காரரின் ஸ்கீமும் இலவசத் தொங்கட்டியும் தீர்மானிக்கின்றன. சவரச் சாமான் வியாபாரத்தில் இது எல்லை மீறிப் போய்விட்டது. பழைய ஒருபக்க ரேசரைச் சாக்கிட்டு அதைப் பற்றி நம் கருத்தைச் சொல்கிறோம். நாம் சொல்வதை 'பிளேடு போடுவதாக' யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேசர் பிறந்த கதை

தாடி எடுக்க வேண்டுமென்றால் சலூனில் போய்க் கழுத்தை நீட்ட வேண்டும் என்றிருந்த காலம் உலகம் முழுவதும் இருந்தது. அமெரிக்காவில் புரூக்ளினைச் சேர்ந்த காம்ஃபே சகோதரர்கள் 1880இல் ஒரு ரேசருக்குக் காப்புரிமை கேட்டார்கள். சவரக் கத்தியின் ஒரு துண்டை ஒரு சட்டத்தில் பொருத்தி, தோலை வெட்டாதபடி முன்னால் ஒரு தடுப்பு வைத்த ரேசர் அது. 'சேஃப்டி ரேசர்' என்ற பெயர் அதிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. அந்த பிளேடைத் தூக்கி எறிய முடியாது. கழற்றித் தீட்டித்தான் மறுபடி போட வேண்டும். ஸ்டார், ஜெம், எவர்ரெடி என்று அங்கே பெயர் பெற்ற ரேசர்கள் எல்லாம் இந்த ஒருபக்க வகைதான். பிற்பாடு அவற்றுக்குத் தீட்டத் தேவையில்லாத, மாற்றிப் போடும் பிளேடும் வந்தது. முதுகில் இரும்புப் பட்டை வைத்த, சற்றுத் தடித்த பிளேடு அது. நம் கடைகளில் விற்கும் இருபக்க பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். இந்த ஒருபக்க பிளேடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அடுத்து வந்தவர் கிங் ஜில்லெட். இவர் பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தவர். ஒரு முறை உபயோகித்துத் தூக்கி எறியும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார் என்று முதலாளி அவருக்கு யோசனை சொன்னாராம். இருபக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடை அவர் கொண்டு வந்தார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். ஒரு சில்லறைக் கடையின் ஒரு மாதக் கணக்குக்குக்கூட அது காணாது. ஆனால் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கெல்லாம் ரேசர் வாங்கிக் கொடுத்தது. சண்டை முடிந்து திரும்பியவர்கள் வீட்டிலேயே சவரம் செய்யும் பழக்கத்தோடு திரும்பினார்கள். பிளேடு வியாபாரம் அங்கிருந்து பிடித்த ஓட்டம் இன்றைக்கும் நிற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் செய்த ரோல்ஸ் ரேசர் அது. கார் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு தடித்த பிளேடு. அதை வைக்கும் பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்பட்டை. பெட்டிக்குள்ளேயே பிளேடை முன்னும் பின்னும் இழுத்தால் கூர் ஏறிவிடும். ஒரு முறை வாங்கினால் வருஷக்கணக்கில் செலவில்லை. வாங்கியவருக்கு லாபம். விற்ற கடைக்காரருக்கு? அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு பிளேடு கேட்டுக் கடைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. நல்ல பிளேடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் வாங்குபவரும் குறைந்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் கடைசியில் வேறொருவர் கைக்குப் போய், ரேசரை விட்டுவிட்டு, கடைகளைத் தாண்டி நேரடியாக மலிவு விலையில் வாஷிங் மெஷின் விற்று, 1964இல் திவாலானது.

வியாபாரி என்ற முறையில் இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவே ஓர் இடம் இருப்பதாக நமக்குப் படுகிறது. ரேசர் ஆயுளுக்கும் உழைக்க வேண்டும், பிளேடு மலிவாக இருந்து அடிக்கடி விற்க வேண்டும். வாங்குபவரும் ஏமாறவில்லை, நாமும் பட்டினி கிடக்கவில்லை.

சவரம் எப்படி இருக்கிறது?

பழைய ஒருபக்க ரேசரில் சவரம் செய்து பார்த்தவர்கள் என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறோம். நன்றாக இருக்கிறது, ஆனால் பழக வேண்டும். பிளாஸ்டிக் ரேசரைப் பிடிப்பதுபோல் பிடித்தால் முதல் நாளே கன்னத்தில் ரத்தம் பார்க்கலாம். ரேசரின் தலையைக் கன்னத்தில் ஏறத்தாழ படுக்க வைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை மட்டும் கைப்பிடியைச் சற்றே இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது. ரேசரின் கனமே போதும். முடி வளரும் திசையில், சின்னச் சின்ன இழுப்பாக இழுக்க வேண்டும். தடித்த பிளேடு என்பதால் முடி வெட்டுப்படும் சத்தம் காதுக்கே கேட்கும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது என்று பொருள். இந்தச் சத்தம் பழகியவருக்குக் கண்ணாடிகூட அதிகம் தேவைப்படாது.

ஆனால் சோப்பு நுரை இல்லாமல் இது நடக்காது. வெந்நீர், பிரஷ், நல்ல நுரை மூன்றும் வேண்டும். அவசரமாக ஓடுகிறவருக்கு இது ஒத்துவராது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூக்குக்குக் கீழே ரேசரின் தலை இடிக்கும். தாடையின் வளைவில் கை நிதானமாக இருக்க வேண்டும்.

நம் ஊர் ஆண்களுக்கு மீசை முக்கியம். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று அடுக்கி வரும் ரேசரின் தலை அகலமானது. மீசையின் ஓரத்தைக் கோடு போட்டதுபோல் எடுக்க அதில் வசதி குறைவு. எந்த பிளேடு எங்கே வெட்டுகிறது என்பது வெட்டிய பிறகுதான் தெரிகிறது. ஒற்றை பிளேடில் அந்தக் குழப்பம் இல்லை. வெட்டுகிற விளிம்பு ஒன்றுதான், அது இருக்கும் இடமும் கைக்குத் தெரியும். அடுத்தது, நம் வாடிக்கையாளர்களில் தினசரி சவரம் செய்பவர்கள் குறைவு. நாலு நாளைக்கு ஒரு முறை, அமாவாசை கிருத்திகை பார்த்து ஒரு முறை என்று செய்பவர்களின் முடி நீண்டு தடித்திருக்கும். அடுக்கு பிளேடுகளுக்கு நடுவே முடி போய் அடைத்துக்கொள்கிறது. குழாயைத் திறந்து விட்டால்தான் அது போகும். ஒரு சொம்புத் தண்ணீரில் சவரத்தை முடிக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா?

இந்தச் சொம்புத் தண்ணீர் விஷயத்தில் பெரிய கம்பெனியே ஒரு முறை தடுக்கி விழுந்தது. 2002இல் ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்கென்று 'வெக்டர்' என்ற ரேசரைக் கொண்டு வந்தது. முடி அடைத்தால் தள்ளி எடுக்க ஒரு தடி வைத்திருந்தார்கள். இந்தியர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமே என்று, தங்கள் தலைமையகம் உள்ள பாஸ்டன் பக்கத்திலேயே எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பிரமாதம் என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் பெயர் கெட்டது. காரணம் புரியாமல் அதிகாரிகள் இங்கே வந்து பார்த்தபோதுதான், இங்கே ஆட்கள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. எம்.ஐ.டி. மாணவர்களுக்கோ குழாயில் தண்ணீர் கொட்டியது. நம் கடைவீதியில் எந்த மளிகைக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் காசில்லாமல் சொல்லியிருப்பார்!

அதன் பிறகு ஆயிரக்கணக்கான மணி நேரம் இங்குள்ளவர்கள் சவரம் செய்வதைக் கூடவே இருந்து பார்த்து, 2010இல் 'கார்ட்' என்ற ரேசரை வெளியிட்டார்கள். ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். அதில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்றே ஒன்று. மேல்நாட்டுக்கு மூன்றும் ஐந்தும் விற்கும் கம்பெனி, நம் முகத்தையும் நம் தண்ணீரையும் பார்த்த பிறகு ஒற்றை பிளேடுக்குத்தான் திரும்பியது. பழைய ரேசரை அலட்சியமாகப் பார்க்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சலூனில் தினமும் நடப்பது

உண்மையில் ஒருபக்க பிளேடு சவரம் நம் ஊரை விட்டுப் போகவே இல்லை. எந்தச் சலூனில் வேண்டுமானாலும் பாருங்கள். இருபக்க பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் மடித்து 'டக்'கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுகிறார்கள். அந்தப் பாதி ஒருபக்க பிளேடு தானே? முன்பு தோல்பட்டையில் தீட்டிய சவரக் கத்திதான் எல்லோர் முகத்திலும் ஓடியது. 1986இல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதைப் பற்றிய பிரச்சாரம் பரவிய பிறகு, "புது பிளேடு போடுங்க" என்று வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்கும் பழக்கம் வந்தது. முடிதிருத்தும் தொழிலாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்று நம் மொத்தக் கடைகளில் பிளேடை டஜன் டஜனாக எடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்? கம்பெனி ஸ்கீமில் வரும் இலவச பாக்கெட்டுகள் அவர்களைப் போய்ச் சேருகின்றனவா? மொத்த வியாபாரிகள் தம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய ரேசரைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு என்ன பதில் சொல்வது? ஒருபக்க ரேசருக்கான பிளேடு நம் ஏஜென்சிகளில் வாடிக்கையாக வருவதில்லை. வெளிநாட்டுச் சரக்குதான், ஆர்டர் செய்து வரவழைத்துத் தரலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு செய்தால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. பெயிண்ட் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் கண்ணாடி சுரண்ட, ஸ்டிக்கர் எடுக்க ஒருபக்க பிளேடு விற்கிறார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ரேசருக்குள் உட்காரவும் செய்யும். அது முகத்துக்கு உரிய பிளேடு அல்ல. விளிம்பு கரடு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் பழி நம் மேல்தான் விழும்.

பிறர் உபயோகித்த ரேசர் என்றால் சுடுநீரும் சோப்பும் விட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லலாம். கைப்பிடி பேக்கலைட்டாக இருந்தால் கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள், விரிசல் விடும். கீறல் பட்டால் படிகாரம் இருக்கவே இருக்கிறது. ஈரக் கட்டியை மெல்லத் தேய்த்தால் ரத்தம் நிற்கும். நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்காகப் பழைய அமெரிக்க ரேசர்களை வாங்கி அடுக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. சேகரிப்பவர்கள் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். அது வேறு உலகம். நாம் சொல்வது, நம் நாட்டிலேயே செய்யும் உலோக ரேசர், சாதாரண இருபக்க பிளேடு போடுவது, அதில் நாலைந்து எண்ணமாவது கண்ணில் படும்படி வையுங்கள் என்பதுதான். பழைய ஒருபக்க ரேசரின் குணங்களில் முக்கால்வாசி அதிலும் உண்டு: ஒற்றை விளிம்பு, கனம், தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் சுத்தமாகும் தலை. பிளேடும் எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

கணக்குப் பார்ப்போம்

ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 15 சவரம். ஒரு பிளேடு 5 சவரத்துக்கு வருகிறது என்று வைத்தால் மாதம் 3 பிளேடு, வருஷத்துக்கு 36. ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட்டாகப் பார்த்தால் ஏழு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே. அந்த பாக்கெட்டின் விலை ஒன்றிரண்டு டீயின் விலைதான். கார்ட்ரிட்ஜ் வாங்குபவர் மாதம் ஒன்று வைத்தால் வருஷத்துக்கு 12. நான்கு கொண்ட பாக்கெட் மூன்று. அந்த பாக்கெட் ஒவ்வொன்றும் பல நூறு ரூபாய்.

கார்ட்ரிட்ஜ் பாக்கெட் ஒன்றில் நமக்கு நிற்கும் ரூபாயைப் பத்து பிளேடு பாக்கெட் விற்றாலும் எடுக்க முடியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த மூன்று பாக்கெட்டையும் வாடிக்கையாளர் நம்மிடம்தான் வாங்குகிறாரா? பல நூறு ரூபாய் விலையுள்ள சரக்கென்றால் அவர் போனை எடுத்து ஆன்லைன் விலையைப் பார்க்கிறார். தள்ளுபடி நாளில் ஒரு வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமாக ஆர்டர் போட்டுவிடுகிறார். பிளேடையும் நூறு எண்ணம் கொண்ட பெட்டியாக ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலோர் தீர்ந்து போன அன்று காலையில் தெருமுனைக் கடைக்குத்தான் பையனை அனுப்புகிறார்கள். வருஷத்தில் ஏழு முறை ஒருவர் வீட்டிலிருந்து நம் கடைக்கு ஆள் வருகிறது. வந்தவன் பிளேடு மட்டும் வாங்கிக்கொண்டா போகிறான்?

மேலும், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார்ட்ரிட்ஜ் வாங்கித் தொங்கவிட்டால் அந்த முதல் மாதக்கணக்கில் முடங்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் விலையுயர்ந்த சரக்கு, திருட்டுக்கும் தோது. பெயர் பெற்ற பிராண்டுகளுக்குப் போலியும் நடமாடுகிறது. பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று பையோடு வருபவரிடம் வாங்கினால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டினாலும் தப்ப முடியாது.

வரி விஷயத்திலும் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீம், ஷேவிங் லோஷன், ஆஃப்டர்ஷேவ் லோஷன் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரேசர் வாங்குபவரிடம் கூடவே கிரீமும் பிரஷும் எடுத்துக் காட்ட இது வாய்ப்பு. உலோக ரேசருக்கு நுரை இல்லாமல் ஆகாது என்பதால் அந்த வியாபாரமும் சேர்ந்தே வரும்.

ரேசர், பிளேடு என்றால் வடக்கேயும் வெளிநாடும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) பேட்டரியில் ஓடும் 'ரேசண்ட்' என்ற சவர ரேசரையும், மிக மெல்லிய சவர பிளேடையும் உருவாக்கியவர். இன்றைக்கு ஏரோபிளேனில் விற்கும் ஆடம்பர ஷேவருக்கு அந்தக் காலத்திலேயே தமிழ்நாட்டில் ஒருவர் வழி தேடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பிறந்த நாட்டில், நம் அலமாரியில் உள்ள சவரச் சாமானில் தமிழ்நாட்டில் செய்தது எது என்று தேடிப் பார்த்தால் படிகாரக் கட்டியும் கிண்ணமும் தேறினால் அதிகம். அந்தக் கிண்ணமும் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

நம் ஊர்ச் சரக்கு

இந்த இடத்தில் விருத்தாசலத்து வியாபாரிகளான நமக்கு ஒரு தனிக் கடமை இருக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே கல்வி நிலையமும் செராமிக் தொழிற்பேட்டையும் உள்ள ஊர் இது. நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. மின்சார பியூஸ் கட்டை நம் பேட்டைக்குச் சோறு போட்ட சரக்கு. வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு அதன் தேவை சுருங்கியது. பொம்மையும் அகல்விளக்கும் சீசன் சரக்கு. வருஷம் பூராவும் விற்கக்கூடிய சின்னச் சாமான்களைப் பேட்டைக்காரர்கள் தேடுகிறார்கள். கடைவீதியில் இருக்கும் நாம்தான் எது விற்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு சாமான்களை நாம் முன்வைக்கிறோம். ஒன்று, நுரைக் கிண்ணம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினால் அது கனமில்லாமல் நழுவும். பீங்கான் கிண்ணம் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், பிரஷைச் சுழற்றினாலும் நகராது. உள்பக்க அடியில் நாலு வரிக்கோடு கிளப்பிவிட்டால் நுரை சீக்கிரம் எழும்.

இன்னொன்றுதான் முக்கியம். தீர்ந்த பிளேடை நம் மக்கள் எங்கே போடுகிறார்கள்? பாத்ரூம் ஜன்னல் விளிம்பில், ஓட்டு இடுக்கில், இல்லையென்றால் நேரே குப்பையில். குப்பையில் கை விட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல் அதில் போகிறது. நாம் விற்ற பிளேடுதான் அது. இதை யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் விற்றவருக்கு ஒரு பொறுப்பு இருப்பதாகவே நினைக்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் ரேசர் இல்லை. அதனால் தூக்கி எறியும் ரேசரை விற்பது குற்றமில்லை. ஆனால் பிளாஸ்டிக்கும் இரும்பும் ஒட்டிக் கிடக்கும் அந்தச் சாமானைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். தனி பிளேடு முழுக்க இரும்பு. சேர்த்து வைத்தால் எடைக்குப் போடலாம்.

சேர்த்து வைக்கத்தான் உண்டியல். அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறை அலமாரியிலேயே ஒரு கீறல் வைத்திருந்தார்கள்; பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். பீங்கானில் பன்றி, தவளை, சலூன் கம்பம் என்று பல உருவத்தில் பிளேடு உண்டியல்களும் விற்றன. பிள்ளைகளுக்குக் காசு உண்டியல் செய்யும் அச்சே இங்கே இருக்கும்போது, பிளேடு உண்டியல் செய்வதில் என்ன சிரமம்? யானையாகச் செய்யட்டும், பூசணிக்காயாகச் செய்யட்டும். அடியில் திறப்பு வைக்கக் கூடாது. குழந்தைகள் கை விடுவார்கள். நூறு பிளேடை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 10 மில்லிமீட்டர் உயரம்தான். தாறுமாறாக விழுந்தாலும் ஒரு சின்ன உண்டியல் ஒரு வீட்டுக்குப் பல வருஷம் வரும். நிரம்பியதும் பணியாளரிடம் "உள்ளே பிளேடு" என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடலாம், இல்லை உடைத்து இரும்புக் கடையில் போடலாம். ஐந்து பாக்கெட் பிளேடு வாங்கும் சலூன்காரருக்கு ஓர் உண்டியல் இலவசம் என்று மொத்தக் கடைக்காரர்கள் அறிவிக்கலாம். கம்பெனி ஸ்கீமுக்குக் காத்திருக்காமல் நாமே போடும் ஸ்கீமாக அது இருக்கும்.

பேட்டைக்காரர்களிடம் பேசும்போது அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். பிளேடின் நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22. அகலவாக்கில் நுழைந்தால் போதும் என்பதால் சுட்ட பிறகு துளை 25 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். மண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சுருங்கும். ஆகவே பச்சை மண்ணில் 30 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம் என்று வெட்டச் சொல்லுங்கள். முதுகில் பட்டை வைத்த பழைய ஒருபக்க பிளேடும் அதில் நுழையும். கிளேஸ் துளையில் வழிந்து அடைக்காமல் ஓரத்தைத் துடைத்துவிட்டுச் சூளையில் ஏற்ற வேண்டும். முதலில் நூறு எண்ணம் மாதிரிக்குச் செய்து, பாலக்கரையிலும் ஜங்ஷன் ரோட்டிலும் உள்ள நம் கடைகளில் பத்துப் பத்தாக வைத்துப் பார்க்கலாம். எடுத்துக்கொள்ள விருப்பம் உள்ள உறுப்பினர்கள் எண்ணிக்கையைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரே ஆர்டராகப் போட்டுவிடலாம்.